கொடைக்கானலில் புளிக்காத மாவு

ஆனி 9, சனி இரவு.

கொடைக்கானலில் தனியாக இருந்து டீச்சர் வேலை பார்க்கும் மகளிடம் மூன்று நாள் இருந்துவிட்டு இன்று மலையிறங்கிக் குளத்தூர் திரும்பினேன். போன வருஷம் அவள் மாறுதல் கேட்டு எழுதப் போனபோது, "அந்தக் குளுமை யாருக்குடி கெடைக்கும்? பேசாம இரு" என்று தடுத்தவள் நான்தான்.

நேற்று ராத்திரி விழித்துப் பார்த்தால், அவள் போர்வைக்குள் இட்லிமாவுத் தூக்கு.

"என்னடி இது?"

"குளுருக்கு மாவு புளிக்காதும்மா. ஒடம்புச் சூட்டுலதான் பொங்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு நாள் சால்வை போர்த்திச் சுற்றுகிறவர்களுக்கு அந்த ஊர்க் குளிர் நல்லதுதான். இங்கே சாயங்காலம் ஆட்டிய மாவு இப்போதே பொங்கி மூடியைத் தள்ளுகிறது.

விடிந்ததும் போன் போட்டு மாறுதலுக்கு எழுதச் சொல்ல வேண்டும். அவளாக இனிமேல் கேட்க மாட்டாள்.