செடிக்கு உன் பேர் வேண்டாம்

அன்புள்ள பேத்திக்கு,

உன் பாட்டி எழுதுவது. இங்கே உன் அப்பா, அம்மா இருவரும் சுகம். நான் கோபமாக இருக்கிறேன். இந்த வயதில் அதுவும் ஒரு சுகம்தான். உடம்பில் இன்னும் இரத்தம் ஓடுகிறது என்று தெரிகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "விடுங்க பாட்டி" என்கிறாய். அடுத்த வார்த்தைக்குள் அழ ஆரம்பித்துவிடுகிறாய். அதைக் கேட்டால் என் கோபம் கரைந்துவிடும். இந்தக் கோபம் கரையக் கூடாது. அதனால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

முந்தாநாள் உன் துறைத்தலைவர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி லென்சைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவாரே, பூதக்கண்ணாடி என்று நான் சொல்வேனே, அவரேதான். உலர்ந்த செடிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உன்னை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு, நீ இல்லாத நேரம் பார்த்து ஒரு சால்வையோடு வந்து நின்றார். வந்ததும் நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தார். போன தடவை வந்தபோதும் அதில்தான் உட்கார்ந்தார். நான் மறக்கவில்லை.

"பாட்டி, உங்க பேத்தி கண்டுபிடிச்ச செடிக்கு அவ பேரையே வெக்கிறோம். உலகம் இருக்கிற வரைக்கும் அந்தப் பேர் அழியாது" என்றார். உன் அம்மா அடுப்பை அணைக்காமல் வந்து நின்று அழுதாள். உன் அப்பா பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்ல ஓடினான், சட்டைப் பொத்தான்கூடப் போடாமல். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்ததுதான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு செடியின் பேரை எழுதினால், அந்தப் பேரை வைத்தவர்களின் பேரும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும், ரயிலுக்குப் பின்னால் கார்டு பெட்டி வருகிற மாதிரி என்றாய். அதனால் கேட்டேன், "பேர் வெக்கிறது யாரு?" என்று. "நானும் என் உதவிப் பேராசிரியரும்" என்றார். "கண்டுபிடிச்சது இவதானே, இவ பேர் அந்த வரிசையில வரலையா?" என்றேன். அவர் சிரித்தார். சின்னப் பிள்ளை நிலா கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "தன் பேரைத் தானே ஒரு செடிக்கு வெச்சுக்கிறது எங்க தொழில்ல அநாகரிகம் பாட்டி. செடிக்கு அவ பேரை வெச்ச பிறகு, பேர் வெச்சவங்க வரிசையிலயும் அவ இருந்தா நாலு பேர் சிரிப்பாங்க. அவ நல்லதுக்காகத்தான் எடுத்துட்டோம்" என்றார்.

நான் என்ன படித்தவளா? ஆனால் எடுத்துவிட்டோம் என்றால் முதலில் அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம்? தட்டில் சோறு இருந்தால்தானே எடுக்க முடியும்?

அந்தச் செடிக்கு நீ பட்ட பாடு இவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் கல் உடைக்கிற சரிவில் அல்லவா அது முளைக்கிறது. பூக்கிற காலத்தில் போனவர்கள் பூவை மட்டும் பறித்துக்கொண்டு வந்து ஓர் அலமாரியில் வைத்தார்கள். மழைக்குப் பிறகு போனவர்கள் இலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து வேறோர் அலமாரியில் வைத்தார்கள். பூ வாடி மண்ணோடு போன பிறகுதான் அதற்கு இலையே வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே செடி, இரண்டு அலமாரியில், இரண்டு வேறு செடிகளின் பேரில் இத்தனை காலம் கிடந்தது. புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர் என்கிற மாதிரி. நீதான் அந்தச் சரிவில் கல்லை அடுக்கி அடையாளம் வைத்து, பூ பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், இலை வந்ததையும் பார்த்து, கிழங்கைத் தோண்டி இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினாய். லாரிக்காரர்கள் உன்னைக் கிறுக்கச்சி என்று கேலி செய்தார்கள். காலில் ஆணி குத்தி நொண்டிக்கொண்டு வந்தாய்.

உலர்த்துவதற்கு வைத்தது எங்கே? என் மெத்தைக்கு அடியில். பழைய செய்தித்தாளுக்குள் செடியை விரித்து, அதன் மேல் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் நான். "பாட்டி, புரண்டு படுக்காதீங்க, இதழ் மடங்கிடும்" என்பாய். நான் படிக்காத வாரப் பத்திரிகை எல்லாம் அந்தச் செடிக்கே போயிற்று. அதில் ஒரு தொடர்கதையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செடியாவது பார்க்க லட்சணமா? வெங்காயத்துக்குச் சீக்கு வந்த மாதிரி இருக்கும். இருந்தாலும் உன்னுடையது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். பூ இருந்த பழைய தாளில் தப்பான பேரை எழுதி ஒட்டியவரே இந்தப் பூதக்கண்ணாடிதான். வாலிபத்தில் அவரே பறித்து, அவரே எழுதி, அவரே அலமாரியில் வைத்தது. நீதான் வந்து சொன்னாய், சிரித்துக்கொண்டே. அன்றைக்கு உனக்கு அது வேடிக்கை. இப்போது அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது பாட்டி, அதை இவ உறுதிப்படுத்தினா." இத்தனை வருஷம் அந்தச் சந்தேகம் எங்கே போயிருந்ததாம்? அதற்கும் மழை வந்தால்தான் இலை விடுமோ?

நான் விடவில்லை. "அவ வேற ஒரு பேர் யோசிச்சு வெச்சிருந்தாளே, பிந்தி இலை விடுறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் பேர். அதையே வெச்சுட்டு, வெச்சவங்க வரிசையில அவ பேரை முதல்ல போடுங்களேன். அப்போ யாரும் சிரிக்கமாட்டாங்கல்ல?" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "அது சாதாரணப் பேர் பாட்டி. இது மரியாதை" என்றார். உன் சம்மதத்தை எழுதி அனுப்பினால் இந்த மாதமே கட்டுரை அச்சுக்குப் போகும் என்று உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. எழுந்துபோகும்போது, "அவ திரும்பி வந்ததும் நிரந்தர வேலைக்கு நான்தான் பரிந்துரைக்கணும்" என்றார். யாரும் கேட்கவே இல்லை. தானாகச் சொன்னார். அந்தச் சால்வையை நான் மடித்துக்கூட வைக்கவில்லை.

அவர் போன பிறகு உன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, அவ பொழப்பு அவர் கையில இருக்கு. ஊர்ல எத்தனை பேருக்கு இந்தப் பெருமை கிடைக்கும்? நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்கிறான். உன்னிடமும் இதையே சொல்லியிருப்பான். கெட்டவன் இல்லை, பயந்தவன். பெற்றவள் எனக்குத் தெரியாதா?

பெருமை என்ன என்று நான் சொல்கிறேன். எங்கள் பழைய வீட்டு வாசல் தூணில் கறுப்புக் கல்லில் என் பேர் வெட்டியிருக்கும், நீ பார்த்திருக்கிறாய். உன் அப்பா வயிற்றில் இருக்கும்போது அந்தச் சுவர்களை நனைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் நான். வெயிலில் நின்று மணல் சலித்தேன். கொத்தனார், "இந்த வீட்டுக்கு மேஸ்திரியே இந்தம்மாதான்" என்பார். கல்லில் என் பேரைப் பார்த்து எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். வீட்டுப் பத்திரத்தை எழுதியதோ என் மூத்தார் பேரில், அதாவது உன் தாத்தாவின் அண்ணன் பேரில். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. வாசலிலேயே பேர் இருக்கிறது, உள்ளே போய் எதைத் தேடுவேன்? உன் தாத்தா இறந்த வருஷமே மூத்தார் வந்து, "வேற இடம் பார்த்துக்கோம்மா" என்றார். "என் பேர் போட்ட வீடாச்சே" என்றேன். "பேர்தானே, இருந்துட்டுப் போகட்டும். அதை நாங்க எடுக்கலை" என்று சிரித்தார். சொன்ன சொல் தவறவில்லை, எடுக்கவில்லை. இன்றைக்கும் தபால்காரர் என் பேரைச் சொல்லித்தான் அந்த வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோகிறார். உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். என் பேர் போட்ட வீட்டில் ஓர் ஆணி அடிக்க எனக்கு உரிமை இருந்ததில்லை.

மூத்தார் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. துஷ்டிக்குப் போனேன், அழவில்லை. அதே சிரிப்பை முந்தாநாள் என் நாற்காலியில் பார்த்தேன்.

உன் அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்று சொல்லியே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். அங்கே செடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அறையைக் குளிராக வைத்திருப்பார்கள் என்றாயே, அது பூச்சிக்குத்தானே, உனக்கு எதற்கு? காதை மூடிக்கொண்டு வேலை செய். வேளைக்குச் சாப்பிடு.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். சம்மதம் எழுதி அனுப்பாதே. செடிக்கு உன் பேர் வேண்டாம், நீ வைத்த பேரே இருக்கட்டும். வைத்தவள் நான் என்று உன் பேரை முன்னால் போடச் சொல். அந்த உதவிப் பேராசிரியர் சரிவுக்கு ஒருநாளாவது வந்தாரா என்றும் கேள். அவர் வேலை தரமாட்டேன் என்றால் தராமல் போகட்டும். செடிகள் அவர் வீட்டுத் தொட்டியிலா முளைக்கின்றன? நீ திரும்பி வந்தால் எனக்குப் பக்கத்தில் படுக்க இடம் இருக்கிறது. உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். பயம் தெளியட்டும் என்று உட்கார்ந்தால் அதற்குள் அச்சாகிவிடும். பயந்துகொண்டே எழுது. எழுத்துக் கோணலாக வந்தாலும் சம்மதமில்லை என்றால் சம்மதமில்லைதான். உனக்கு ஒரு குறையும் வராது. உன் அப்பாவைப் பெற்றவள் நின்று சொல்கிறேன்.

எழுதி அனுப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி போடு, கண்ணு. போனில் வேண்டாம், காகிதத்தில் போடு. அதை நான் கையில் வைத்துப் படிக்க வேண்டும். எனக்குக் காத்திருந்து பழக்கம்தான். ஆனாலும் இந்தத் தடவை சீக்கிரம் அனுப்பு.

உன் பக்கம் நிற்கும்,
பாட்டி