அவள் பார்க்கும் பக்கம்

ஜூன் 9, திங்கள்
எதிர்வீட்டு மாடியில் பூனை. விரல் நீட்டிக் காட்டினேன். ப்ரியா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது ஆகப்போகிறது. இதுவரை எனக்கென்று எதையும் சுட்டிக் காட்டியதில்லை. தாகமெடுத்தால் என் கையைப் பிடித்துக் குடத்தின்மேல் வைக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

"எங்காத்துல எல்லாருமே நிதானமாத்தான் பேச ஆரம்பிச்சோம்" என்கிறார் அவள் அப்பா வெங்கிடேஷ். நான் தனியாகவாவது டாக்டரிடம் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்
ஆட்டிசம். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.

வீட்டில் தமிழ், ப்ளே ஸ்கூலில் மலையாளம். அங்கே டீச்சரிடமும் சொன்னேன். "வீட்டிலயும் மலையாளம் மட்டும் பேசுங்க. ரெண்டு பாஷைன்னா குட்டிக்குக் குழப்பம்தானே?"

ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் வெங்கிடேஷ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்.

ஜூன் 20, வெள்ளி
எட்டு நாளாக மலையாளம் மட்டும். யாருடைய குழந்தையையோ பார்த்துக்கொள்வது போலிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி
கேட் திறந்து கிடந்தது. ப்ரியா தெருவில் இல்லை, கோயில் வாசலில் இல்லை. குளத்தில் — கடைசிப் படியில் — பாதம் நனைய நின்றிருந்தாள். "ப்ரியா, நில்லுடி! அங்கயே நில்லு!" கத்திக்கொண்டே இறங்கினேன். திரும்பவே இல்லை. வாரித் தூக்கியபோதும் கண் தண்ணீரில்தான்.

"கேட்டைச் சாத்தலையா நீ?"

"நீங்கதானே கடைசியா வெளில போனேள்!"

அவர் போய்க் கேட்டைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

ஜூலை 8, செவ்வாய்
வெங்கிடேஷ் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பேச்சுப் பயிற்சி தரும் ஷிஜா முதலில் கேட்டது: "எந்த பாஷையில கொஞ்சுவீங்க?"

தமிழில்தான், இப்போது நிறுத்திவிட்டோம் என்றேன்.

"ஐயோ, எதுக்கு சேச்சி? தமிழே பேசுங்க. ரெண்டு பாஷையால இது வர்றதில்ல. வார்த்தை பின்னால வரும். நீங்க காட்டற பக்கம் அவளை இழுக்க வேண்டா. அவ பார்க்கிற பக்கம் நீங்க போங்க."

வெங்கிடேஷ் சட்டென்று அழுதுவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ப்ரியா பார்க்கும் ஃபேனையே பார்த்தபடி தரையில் மூவரும் படுத்திருந்தோம். "சுத்தறது... சுத்தறது... நின்னுடுத்து!" எழுந்து ஸ்விட்சைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு தடவையும் சொன்னார் வெங்கிடேஷ். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கும் படுப்போம். எத்தனை நாள்?

செப்டம்பர் 18, வியாழன்
கரமனை தாண்டி ஆட்டோ நெரிசலில் நின்றது. ரோட்டோரம் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த ப்ரியா விரல் நீட்டினாள். ஜேசிபியைப் பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அதை. மறுபடி என்னை.

எதுவும் கேட்கவில்லை. காட்டினாள். எனக்கு.

"ஆமாண்டி, நானும் பாத்துட்டேன்" என்றேன்.

வண்டிகள் நகர ஆரம்பித்தன. பக்கத்தில் இருந்த வெங்கிடேஷ் டிரைவரின் தோளைத் தொட்டார். "சேட்டா, போகாதீங்கோ. கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கோ."