இரண்டு இடது தோள்

கோவில்பட்டி,
14.9.2003

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு,

நீ செய்தது தப்பு. நாடகத்தில் அப்பா போடும் ராஜா கவசத்துக்குப் பேப்பர் கட்டிங் அனுப்பினாயே, அதில் தோளுக்கு ஒன்றை மட்டும் வரைந்து பக்கத்தில் '2' என்று போட்டுவிட்டாய். இப்போது அவருக்கு இரண்டும் இடது தோள். மற்றபடி நாங்கள் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா.

துணி என்றால் இரண்டாக மடித்து ஒரே வெட்டு, இடதும் வலதும் சேர்ந்தே வரும். என் தையல் மிஷினுக்கு அடியில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? மெத்தைக் கடை செய்யது அலி அண்ணாச்சி கொடுத்த ஃபோம் ஷீட் சுண்டுவிரல் தடிமன், மடியாது. வெளியே தெரிய வேண்டிய அதன் வழவழப்பான பக்கத்தில் உன் பேப்பரை இரண்டு தரம் வைத்து வெட்டி ஒட்டியும் விட்டேன். திருப்பி வை என்று நீ எழுதவில்லையே. மார்புக்கவசம் மட்டும் அருமையாக வந்திருக்கிறது, பேப்பருக்குத் தடிமன் கிடையாது, ஃபோமுக்கு உண்டு என்று நானே யோசித்துச் சுற்றிலும் கொஞ்சம் கூட்டினேன், நீ வரைந்த முக்கோணங்களை ஜாக்கெட்டில் டாட் பிடிக்கிற மாதிரி உள்ளே மடிக்காமல் வெட்டி எடுத்து, ஓரங்களைச் செருப்புப் பசையால் சேர்த்தேன், குடம் போல உருண்டு நிற்கிறது.

மில் ஆயுத பூஜை நாடகத்தில் வருஷா வருஷம் வாயில்காப்போனாக ஈட்டி பிடித்த மனுஷனுக்கு இப்போதுதான் ராஜா வேஷம். கவசம் இல்லையென்றால் வேஷம் கூட வேலை பார்க்கிற சௌந்தரபாண்டியனுக்குப் போய்விடும், அவனிடம் தகரக் கவசம் இருக்கிறது. ஒத்திகையில் அப்பாவின் வலது தோள் இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அண்ணாச்சி, பறந்து போயா சண்டை போடப் போறிய என்று அவன் கேட்க, மொத்த மில்லும் சிரித்ததாம். அப்பாவும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஏட்டி சுப்புத்தாய், பேசாம ஈட்டியவே பிடிச்சிக்கிடுதேன் என்றார். நான் விடுவேனா. பேப்பரைத் திருப்பிப் போட்டு நீயே வெட்டேன் என்கிறார். வெட்டலாம். தப்புச் செய்தவர்தான் திருத்த வேண்டும்.

செண்பகவல்லி அம்மன் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். இனி ஆக வேண்டியது: மிச்ச ஃபோமை அலி அண்ணாச்சி யாருக்கும் விற்கக்கூடாது, சொல்லிவிட்டேன். அப்பா பூஜை முடியும்வரை கடம்பூர் போளியைத் தொடக்கூடாது, மார்புக்கவசத்தில் இனிக் கூட்ட இடமில்லை. மாப்பிள்ளை இரண்டு ரயில் டிக்கெட் போட வேண்டும். நீ வலது தோளை வரைந்து, மேலே 'வெளிப்பக்கம்' என்று எழுத வேண்டும். தபாலில் போடாதே, மடிந்தால் அளவு மாறும். கையில் கொண்டு வா.

நீ வரைந்ததை வரைந்தபடியே வெட்டிய
அம்மா சுப்புத்தாய்