துட்டி வீட்டு டிக்கட்

அன்றைக்குப் பாளையங்கோட்டையில் கச்சேரி வாசலில் நின்றது யார் யாரென்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். நீ. நான். என் வீட்டுக்காரரின் தங்கச்சி செண்பகம். திசையன்விளையிலிருந்து வந்திருந்த மரக்கடை அண்ணாச்சி, அவர் சம்சாரம். மற்றதெல்லாம் கூட்டம்.

இன்று காலையில் என் பேத்தி செல்போனைப் பார்த்து அழுதாள். மெட்ராஸில் ஏதோ கச்சேரியாம். கண் மூடித் திறப்பதற்குள் டிக்கட் தீர்ந்துவிட்டதாம். "உனக்கு இதெல்லாம் புரியாது ஆச்சி" என்றாள். சொன்னால் புரிகிற ஒருத்தி நீதான், நீயும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்.

ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருந்த நம் வளவில் விடிந்தது தெரிவதே உன் பாட்டில்தான். குழாயடியில் குடம் நிறைகிறவரை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடப்போகிற பாட்டைப் பாடிப் பழகுவாய். அப்புறம் ஒரு நோய் வந்து உன் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தாய், சத்தம் வரவில்லை. பேசினால் காற்று மாதிரி இருக்கும். சர்ச்சில் பாடுகிறவர்கள் வரிசையில் உன் இடத்தில் வேறொருத்தி நின்றாள். அதன் பிறகு காலையில் குழாய்ச் சத்தம் மட்டும்தான்.

அப்போதுதான் உன் மகள் அந்தக் கேசட்டை வாங்கி வந்தாள். சினிமாப் பாட்டு இல்லை. மெட்ராஸ்காரி ஒருத்தி தனியாகக் கேசட் போட்டு, ஆடிக்கொண்டு பாடுகிற பாட்டு. வளவே காதைப் பொத்தியது. நீ டேப்ரெக்கார்டரை விட்டு நகரவில்லை. "ஏளா, தொண்டையை எப்படித் தொறக்கா பாரு. எனக்குப் போனது எவகிட்டயாவது இருக்குல்லா" என்றாய்.

அந்த மெட்ராஸ்காரியே பாளையங்கோட்டைக்குப் பாட வருகிறாள் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு தடவை அவள் பாட்டை நேரில் கேட்டுவிட வேண்டும், கூட வா என்றாய். அதற்கு முன்னால் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர், "செண்பகம் கூட வந்தாப் போ" என்றார். அவளும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

தியேட்டரில் பொம்பளைகள் கவுண்டரில் எப்படியும் டிக்கட் கிடைக்கும். அதே நினைப்பில் சாயங்காலம் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். பொம்பளைகள் கவுண்டர் எங்கே என்று நான் கேட்டதற்கு வாசலில் நின்றவன் சிரித்தான். "முந்தின வாரமே வித்துப்போச்சு ஆச்சி. சின்னப் பிள்ளைய கச்சேரிக்கு நீங்க எதுக்கு?" நீ அவனிடம் ஏதோ சொன்னாய். அந்த இரைச்சலில் உன் காற்று எங்கே கேட்கும்? உதடு மட்டும் அசைந்தது.

திரும்பும்போது அந்த அண்ணாச்சி எதிரே வந்தார். கையில் இரண்டு டிக்கட். "வேணுமா தாயி? போட்ட துட்டைத் தந்தாப் போதும்." நான் கேள்வியே கேட்காமல் வாங்கி ஒன்றை உன் கையில் வைத்தேன். செண்பகம் விடவில்லை.

"எதுக்கு வே விக்கீரு?"

"சித்தப்பா இறந்துபோயிட்டாரு. மகன் இப்பத்தான் பைக்குல வந்து சொன்னான். துட்டிக்குப் போணும்." அவர் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் செண்பகம் என் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். "துட்டி வந்த சீட்டு. நம்ம குடும்பத்துக்கு ஆகாது" என்று நாலாகக் கிழித்தாள். அவளுக்கும் சேர்த்து மூன்று டிக்கட் இருந்திருந்தால் அந்தத் துட்டி எங்கே போயிருக்கும் என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

நீ உன் டிக்கட்டை நீட்டி, "நீ போ" என்றாய். உன் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். அப்புறம் மதில் ஓரத்தில் செண்பகத்தோடு நின்றேன். மேளச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்ததே தவிர, பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. செண்பகம் கால் வலிக்குது என்று நொடிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ வெளியே வந்தபோது முகம் குளித்த மாதிரி இருந்தது. ஆனால் இருந்த காற்றும் போய்விட்டிருந்தது. மறுநாள்தான் சொன்னாய். பக்கத்து நாற்காலியில் உன் பையை வைத்துக்கொண்டு, உட்கார வந்த ஒவ்வொருத்தனிடமும் "ஆள் வருது, ஆள் வருது" என்று கடைசிவரை சொன்னாயாம். "வரமாட்டேன்னு தெரியும்லா, பின்ன எதுக்குளா?" என்றேன். "நீ இல்லாம எப்படிக் கேக்க?" என்றாய்.

எனக்கு நாற்காலி போட்டு வைத்தவர்கள் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போனால் நானாக இடம் தேடித்தான் உட்காருகிறேன். அப்போதெல்லாம் உன் காற்றுக் குரல் காதில் வரும்.

இரண்டு வருஷம் கழித்து உன் நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது. உன்னைப் பெட்டியில் வைத்திருந்த வீட்டில், உன் மகள் காதுபட ஒருத்தி சொன்னாள்: "அன்னைக்கே கிழிச்சேன். மற்றதையும் கிழிச்சிருந்தா இவ இருந்திருப்பா." தன்னால்தானோ என்று அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கேசட் வாங்கியது அவள்தானே.

சொன்னவள் இப்போது படுத்த படுக்கை. ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி மூன்று முறை ஆள் விட்டாள். வீட்டில் எல்லாரும் போய் வந்தார்கள். வயசான காலத்தில் என்ன வீம்பு என்று மகன் கேட்கிறான். கேட்கட்டும். நான் போகமாட்டேன். அவள் பேர் செண்பகம்.