காலேஜ் கிழங்கின் மேல் எள்

12.11.87, வியாழன்

காலையிலிருந்து மழை. நான் சமைக்கும் எஸ்டேட் பங்களா அடுப்படிக்குள் பனி புகுந்து விறகு பற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். மேனேஜர் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அன்றைக்கு மல்லிகாவைப் பெண் பார்க்கக் குப்பனூரிலிருந்து வருகிறார்கள். பையன் பஸ் கண்டக்டர். முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப் போயிற்று. மகளுக்கு இதுவாவது அமைய வேண்டும்.

வாங்க: சர்க்கரைவள்ளி 2 கி., சீனி 1 கி., க. எள் கொஞ்சம், வெற்றிலை, பூ. குடை ரிப்பேர்.

14.11.87, சனி

மழை விடவில்லை. கேசரியும் பஜ்ஜியும் எல்லார் வீட்டிலும் உண்டு. நான் ஜப்பான் பலகாரம் செய்யப் போகிறேன். போன மாதம் பங்களாவில் தங்கிய ஜப்பான் இன்ஜினியர் அடுப்படிக்கே வந்து செய்து காட்டியது. கிழங்கைத் துண்டு போட்டுப் பொரித்து, சீனிப் பாகில் புரட்டி, மேலே கறுப்பு எள். அங்கே காலேஜ் பையன்கள் தின்பதாம். பெயரே காலேஜ் கிழங்கு.

என் சம்சாரம் மாராயி: "ஏனுங்க, கறுப்பெள்ளு எழவு ஊட்டுச் சமாச்சாரமுங்க. வேண்டாமுங்க."

எள்ளுருண்டை தின்கிறோமே என்றேன்.

"அது வேறங்க. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு யாராச்சும் வெப்பாங்களா?"

எள் இல்லாவிட்டால் வெறும் கிழங்கு. இவளுக்கு என்ன தெரியும்.

15.11.87, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவன் அம்மா, புரோக்கர். மல்லிகா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பாகு கண்ணாடி மாதிரி பிடித்திருந்தது. இது ஜப்பானில், என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா தட்டைத் தள்ளி வைத்தார்.

"நல்லது பேச வந்த எடத்துல எள்ளத் தூவி வெச்சிருக்கீங்க. நாங்க அப்பறமாச் சொல்லி உடறமுங்க."

காபிகூடக் குடிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மாராயி திட்டியிருந்தால் தேவலை. பாத்திரம் கழுவுகிறாள்.

18.11.87, புதன்

பனி. எதிர் மரம் தெரியவில்லை. தலைவலி. பஸ் ஸ்டாண்டில் புரோக்கர்: "பையனுக்கு வாழவந்தியில வேற பொண்ணு முடிஞ்சுருச்சுங்க."

மேனேஜர் வேறு. சனிக்கிழமை பார்ட்டியாம், அந்த ஜப்பான் கிழங்கு வேண்டுமாம். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாராயி அழுதாள். மல்லிகா அழவில்லை. அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அவங்கம்மா எந்திரிக்கறப்ப அவரு ஒரு துண்டு எடுத்து வாயில போட்டாருங்கப்பா. நொம்ப நல்லா இருக்குதுன்னு என்னையப் பாத்துத் தலையாட்டுனாருங்க."