கதவைப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு

மச்சான், இன்று காலை பட்டறையில் என் காரை ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். நான்கு கதவும் திறந்து கிடந்தன. என்னையறியாமல் "கதவ மூடுப்பா!" என்று கத்திவிட்டேன். மெக்கானிக் சிரித்தான். "கதவு இன்னா சார் தாங்கப் போவுது? பாடிதான் தாங்குது." ஒரு காலத்தில் உன்னிடம் நான் பேசிய அதே வசனம்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்மலிலிருந்து மேடவாக்கத்துக்கு எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். உனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தள்ளிய உன் பழைய கார். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. தெருமுனையிலேயே பின்சக்கரம் பஞ்சர்.

"கதவ மூடிட்டு ஜாக்கி போடு மச்சான். இந்த வண்டிய கதவுதான் புடிச்சிகினு கீது" என்றாய். மெக்கானிக்கல் டிப்ளமா படித்த எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவு கீலில் தொங்குவது, தூணும் கூரையும் அடிச்சட்டமும்தான் வண்டியைத் தாங்கும் என்று பாடம் எடுத்தேன். நிரூபிப்பதற்காக நான்கு கதவையும் திறந்து வைத்து ஜாக்கியைச் சுற்றினேன். மளுக்கென்று ஒரு சத்தம். கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது. நான் சொன்னது நல்ல வண்டிக்குச் சரி. உன் வண்டி அந்த ரகமே இல்லை.

டயரை மாற்றி இறக்கினால், சட்டம் வளைந்து இடது பின்கதவு மூடவே இல்லை. உதைத்தும் பார்த்தோம். அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?" என்றார். கடைசியில் நான் ஓட்ட, நீ பின்சீட்டில் உட்கார்ந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு வேகத்தடைக்கும், "மெதுவாடா! நானும் கதவும் ஜோடியா எறங்கிடுவோம்" என்று அலறினாய்.

நாலு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் காபி கொண்டுவந்தாள். மரத்துப்போன உன் கையில் டம்ளரும் டபராவும் தாளம் போட்டன. பாதி காபி உன் சட்டையில். கையில் என்ன என்று அவளே கேட்டுவிட்டாள். அவள் அப்பா அப்போதுதான் என் படிப்பை மெச்சி முடித்திருந்தார். உண்மை தெரிந்தால் சம்பந்தம் போச்சு என்று நான் திருதிருவென முழித்தேன். நீ கூசாமல் சொன்னாய்: "வண்டி பழசும்மா, கதவ புடிச்சிகினு வந்தேன். கதவ தொறந்து வெச்சி ஜாக்கி போடாதன்னு இவன் எவ்ளோ சொன்னான், நான்தான் கேக்கல."

மறுநாளே சம்மதம் வந்தது. என் டிப்ளமாவின் மகிமை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "அன்னைக்கு அவர் பொய் சொல்றார்னு உங்க முழியப் பார்த்ததுமே தெரிஞ்சுது. ஒருத்தர் இப்படிக் காப்பாத்துறார்னா, இந்த ஆளு அவ்வளவு மோசமா இருக்க மாட்டார்னு நெனச்சேன்."

அந்த நற்சான்றிதழை வைத்துத்தான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன், மச்சான். கொடுத்த நீதான் இல்லை.