ஐந்தாவது பட்டன்

உறையைப் பிரித்ததும் அந்த வாடை வந்தது. பிளீச்சிங்கும் பஞ்சும் கலந்த வாடை. பேண்டேஜ் கம்பெனியில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பதினேழு வருஷம் இழுத்த மூச்சு அது. கழிவுத் துணியை நான்கு மடிப்பாகத் தைத்து உன் கீபோர்டுக்கு உறை போட்டிருந்தாய். நேற்றுச் சாயங்காலம் உன் மகன் அதையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

"அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிச்சு, பெரியம்மா."

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உள் அறையில் என் பேத்தி படுத்திருக்கிறாள். எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். இதை முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்குத் தெரியும். எந்தக் கல்யாணப் பந்தியில் யார் என் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் தாண்டிப் போனாள் என்பது வரைக்கும் சொல்லுவேன். "அக்கா, ஒங்க மண்டைக்குள்ள ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருக்கு" என்று சிரிப்பாய். அந்த ஸ்டேஷனில் உன் பேரில் எழுதி வைத்ததைத்தான் இன்று திரும்பப் படிக்கிறேன்.

ஞாயிறு ஆராதனைப் பாட்டுக்கு நம் வேதக் கோயிலில் நாம் இருவரும் ஒரு கீபோர்டுக்கு முன்னால் உட்காருவோம். அதற்குத் தானாகச் சத்தம் கிடையாது. வயர் வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும், லேப்டாப் பாடும். உன் இரண்டு கையும் கட்டையில் இருக்கும். நீ இடது புருவத்தைத் தூக்கினால் நான் பட்டனை மாற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் என்பதால், ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே பிளாஸ்திரி ஒட்டித் தமிழில் எழுதி வைத்தாய். பியானோ, ஆர்கன், புல்லாங்குழல், மணி, வயலின், வீணை, கோரஸ். எட்டாவது காலி. நாலாவதாக இருந்த மணி, சாவு மணி. கோயில் மணியில் விரிசல் விழுந்த பிறகு அடக்க ஆராதனைக்கு அதைத்தான் போடுவோம். நாலாவது பட்டனைத் தொடும்போதெல்லாம் என் விரல் நுனி சில்லிட்டுப் போகும்.

பிறகு உன் மகனுக்கு என் பேத்தியைப் பெண் கேட்டாய். நான் தரவில்லை. ஏன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. "பேண்டேஜ் சுத்துறவ வீட்டுல இருந்து பேண்டேஜ் சுத்துறவ வீட்டுக்கா?" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே எழுந்து போனாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

இருந்தாலும் கல்யாணத்துக்கு நீதான் வாசித்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில், மாப்பிள்ளை வீட்டார் கோயிலில். தாலி கட்டும்போது நாதஸ்வரச் சத்தம் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். லேப்டாப்பில் இருக்கும் சத்தங்களின் பட்டியலில் நீ அதைப் புதிதாகக் கடைசியில் சேர்த்தாய்.

"மங்கல வாத்தியத்த யாராவது கடைசியில வைப்பாகளா, ஏட்டி?"

"எங்க இருந்தா என்னக்கா, சத்தம் ஒண்ணுதான். பட்டியல மட்டும் தொட்டுறாதீங்க."

எல்லாப் பட்டனையும் அழுத்திச் சரிபார்த்துவிட்டு, பேத்திக்குத் தலையில் பூ வைத்துவிடப் போனாய். நான் லேப்டாப் முன்னால் தனியாக நின்றேன். நீ பெயர்களை இழுத்து வைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். நாதஸ்வரத்தைப் பிடித்து இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே உட்கார வைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர் மேலே வருவதுபோல. மனசுக்கு நிறைவாக இருந்தது. போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு நான் பெண் வீட்டுக்காரி. பட்டன் அழுத்துகிறவள் இல்லை.

கதவு திறந்தது. பேத்தி வலது காலை உள்ளே வைத்தாள். வயலின் வர வேண்டிய இடத்தில் மணி அடித்தது. டங். கோயில் முழுக்கத் தலை திரும்பியது. பேத்தியின் காலும் நின்றது. மறு நொடி நீ பட்டனை மாற்றினாய், வயலின் வந்தது, ஊர்வலம் நடந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு பிசகுகூட இல்லை. எனக்கு அதுதான் சாட்சி. இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறவள் அந்த ஒன்றை மட்டும் தெரியாமலா அழுத்தியிருப்பாள்? பெண் தராத வஞ்சம் என்று எழுதிக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால், கைகழுவும் இடத்தில் உன்னைப் பிடித்தேன்.

"எம்பிள்ளை வாசல்ல கால் வைக்கும்போது சாவு மணியா அடிக்க? இந்த மணிய அடிக்க வச்சவ எவளோ, அவ வீட்டு வாசல்லயே அது அடிக்கட்டும்!"

உன் முகம் வெளுத்துப் போனது. என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. வார்த்தைய எடுத்துக்கோங்க."

"பயமா இருக்கோ?"

"ஆமாக்கா, பயமாத்தான் இருக்கு. எடுத்துக்கோங்க."

கையை உதறிவிட்டுப் போனேன். அதோடும் விடவில்லை. நம் கோயில் போதகர் ஐயரிடம் சொல்லி உன்னை அந்தக் கீபோர்டு நாற்காலியிலிருந்து எழுப்பினேன். ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் சாய்ந்தாய், எழுந்திருக்கவில்லை. உன் வாசலில், யாரோ கொண்டுவந்த வேறு கீபோர்டில், அந்த மணி அடித்தது. கடைசி வரிசையில் நின்று கேட்டேன். என் கண் நனையவில்லை. வார்த்தை பலித்துவிட்டது என்று நினைத்தேன். பலித்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. இதையும் நீ கேட்டுக்கொள்.

நேற்று உன் மகன் வயரைச் செருகிக் கொடுத்தான். நான் 'பியானோ' என்று எழுதியிருந்த முதல் பட்டனை அழுத்திக் கட்டையைத் தொட்டேன். நாதஸ்வரம் வந்தது. 'மணி'யை அழுத்தினால் புல்லாங்குழல். 'வயலின்' என்று எழுதியிருந்த ஐந்தாவதை அழுத்தினேன்.

டங்.

உள்ளே பேத்தி புரண்டு படுத்தாள்.

"என்னய்யா இது, எழுத்து ஒண்ணு சத்தம் ஒண்ணா இருக்கு?"

"பட்டனுக்குள்ள சத்தம் கெடையாது பெரியம்மா. அது எத்தனாவதுன்னு மட்டும்தான் சொல்லும். பட்டியல்ல அந்த எடத்துல எது இருக்கோ அது பாடும். மேல ஒண்ணு வந்து உக்காந்துட்டா எல்லாம் ஒரு படி கீழ எறங்கிரும்."

"ஒங்கம்மா இதச் சரி பண்ணலியா?"

"பண்ணவான்னு கேட்டேன். அப்படியே கெடக்கட்டும்லே, ஒரு நாள் அக்காவே பாக்கட்டும்னு சொல்லிச்சு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் என் ஸ்டேஷனில் எழுதி வைத்திருந்த சாட்சி புரண்டு படுத்தது. மணி அடித்த மறு நொடியே உனக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் உன் விரல் ஒவ்வொரு தடவையும் எழுத்தை விட்டு அடுத்த பட்டனுக்குப் போனது. நான் முன்வரிசையிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தேன். யார் இழுத்து வைத்தது என்பதும் உனக்குத் தெரிந்தது. கைகழுவும் இடத்தில் நீ பயந்தது உனக்காக இல்லை. மணியை அடிக்க வைத்தவள் வீடு எது என்று தெரிந்துதான் என் கையைப் பிடித்தாய். அவ்வளவு வசவுக்கும் "நீங்கதான்க்கா" என்ற ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை.

உன் வாசலுக்கு அது தப்பாக வந்தது. சரியான வாசல் இதுதான். இந்த வாசலுக்குள் பேத்தி இருக்கிறாள்.

காலையில் மகளிடம், இவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? தலைப்பிரசவத்த எங்கயாவது மாமியா வீட்டுல பாப்பாகளா?" என்று சத்தம் போட்டாள். அந்த மணியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று பத்து தடவை லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றைத் தொட்டால் மற்றது எங்கே நகருமோ என்று மூடிவிட்டேன். மறுபடி உறையைப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உள்ளே அது ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "அம்மாச்சி, இடுப்பு இழுத்துப் பிடிக்குது. செத்த நேரம் வந்து ஒக்காருங்க." இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மகள் காருக்குப் போன் பேசுகிறாள்.

வார்த்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னாயே, எடுத்துக்கொண்டேன், ஏட்டி. உன்னிடம் சொன்னதை உன்னிடம்தான் திரும்ப வாங்க வேண்டும். நீ இல்லாத நேரத்தில் வாங்குகிறேன். வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் மடியிலேயே கட்டிக்கொள்கிறேன். கார் வந்துவிட்டது. அவள் வாசல் தாண்டும்போது முதலில் நான் இறங்குகிறேன். அந்த மணி அடிக்க வேண்டும் என்றால் எனக்கு அடிக்கட்டும்.